எல்லைக்கு அங்காலே பிக்கப் வாங்கலாமா? ஒன்ராறியோ ஆட்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஸ்காபரோ): அண்ணை, பஃபலோவில் ஒரு பழைய பிக்கப் 20,000 அமெரிக்க டொலருக்கு நிற்கிறது. இங்கே அதே மொடல் 30,000. எடுக்கட்டா?

தம்பி, முதலில் எல்லாவற்றையும் நம்முடைய டொலருக்கு மாற்றுங்கோ. ஒரு அமெரிக்க டொலர் 1.37 கனேடிய டொலர் என்று வைத்தால் 27,400. எல்லையில் ஜிஎஸ்டி 5 வீதம், பிளேட் எடுக்கும்போது மாகாண வரி 8 வீதம். வந்துவிட்டது கிட்டத்தட்ட 31,000. இதற்கு மேல் இறக்குமதி வாகனங்களைப் பதியும் ஆர்ஐவியின் கட்டணம், 45 நாளுக்குள் அவர்களின் பரிசோதனை, பிறகு ஒன்ராறியோ சேஃப்டி சான்றிதழ். இங்கே தனியாரிடம் வாங்கினாலும் 13 வீதம் வரி உண்டுதான், ஆனால் அலைச்சல் இல்லை. அத்தோடு அமெரிக்கா 2025 ஏப்ரலில் வாகனங்களுக்கு வரி போட, கனடாவும் பதிலுக்கு 25 வீத மேல்வரி கொண்டுவந்தது. வண்டியின் அடையாள இலக்கமான வின் நம்பரின் முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் செய்தது, 2 கனடா, 3 மெக்சிகோ. அந்த நம்பரைக் கனடா எல்லைச் சேவைக்குச் சொல்லி, வரி எவ்வளவு என்று கேட்காமல் முற்பணம் கட்டாதேங்கோ.

கேள்வி (மார்க்கம்): வாகனத்தில் என்ன பார்க்க வேண்டும்?

அடியைப் பாருங்கோ. உள்ளே பெரிய ஸ்கிரீனைப் பார்த்து மயங்கவேண்டாம். பஃபலோவிலும் நம்மைப்போல பனிக்கு ரோட்டில் உப்புத்தான் கொட்டுகிறார்கள், அதில் அடி கறள் பிடிக்கும். ஸ்பெயர் ரயருக்கு மேலே, லீஃப் ஸ்பிரிங் பிடிக்கிற இடத்தில், ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கோ. கணீரென்றால் சரி. மொத்தென்று கேட்டாலோ செதில் செதிலாக விழுந்தாலோ வந்த வழியே போய்விடுங்கோ. சேஸியில் (அடிச்சட்டத்தில்) புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். பழைய டகோமா பிக்கப்புகளின் சேஸி கறள் பிடித்த வழக்கில் ரொயோட்டாவே 2016இல் அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்தது.

கேள்வி (ஏஜாக்ஸ்): ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் அலுமினியம்தானே? அதில் கறள் வராதே.

2015 மொடலிலிருந்து பொடிதான் அலுமினியம். சேஸி இரும்பு. மேலே சொன்னதுதான், அடியைப் பாருங்கோ.

கேள்வி (பிராம்ப்டன்): ஊரில் ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓடினோம். இங்கே ஏன் அதை விற்கிறார்களில்லை?

இது எனக்குப் பிடித்த கதை. அறுபதுகளில் ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி கூட்டியது. அதற்குப் பதிலடியாக 1964இலிருந்து வெளிநாட்டுச் சிறு ட்ரக்குகளுக்கு அமெரிக்கா 25 வீத வரி வைத்தது. கோழிச் சண்டை முடிந்தும் வரி போகவில்லை. ஆகவே அமெரிக்காவில் ஹைலக்ஸ் விற்பனை இல்லை. கனடாவுக்கு மட்டும் தனியாகத் தரச் சான்று எடுத்து விற்க இந்தச் சந்தை காணாது.

கேள்வி (மிசிசாகா): கனடாவில் 15 வருடம் கடந்ததை இறக்கலாமே! ஜப்பான் ஹைலக்ஸ் எடுத்தால் என்ன?

இறக்கலாம். வலப்பக்க ஸ்டியரிங்கோடு 401 நெடுஞ்சாலையில் முந்திப் பாருங்கோ, பிறகு கதைப்போம். காப்புறுதிக்காரர் என்ன சொல்கிறார் என்றும் முதலில் கேளுங்கோ.

கேள்வி (ஏஜாக்ஸ்): அண்ணை, ஊரில் எல்லோரும் வலப்பக்க ஸ்டியரிங்கோடுதானே ஓடினோம்?

ஊரில் ரோட்டும் மற்றப் பக்கம், தம்பி. இதோடு ஹைலக்ஸ் கதையை நிறுத்துவோம்.

கேள்வி (விற்பி): கம்பனி வாரண்டி எல்லை தாண்டி வருமா?

கம்பனிக்குக் கம்பனி வேறு. எழுத்தில் கேட்டு வாங்குங்கோ. விற்பவரின் வாய்ச்சொல் வாரண்டி இல்லை.

கேள்வி (ஓஷாவா): வரி எவ்வளவு வரும்?

முதல் பதிலைப் படியுங்கோ.

கேள்வி (கிச்சினர்): வாங்கின அன்றே ஓட்டிக்கொண்டு வரலாமா?

முடியாது, தங்கச்சி. அமெரிக்கச் சுங்கத்துக்கு ஏற்றுமதிப் பத்திரங்கள் எல்லை கடக்க 72 மணித்தியாலம் முன்னரே போய்ச் சேரவேண்டும். வெள்ளத்தில் போனது என்று வண்டியின் உரிமைப் பத்திரத்தில் குத்தியிருந்தால் இங்கே ஏற்கவே மாட்டார்கள்.

கேள்வி (ஒன்ராறியோ லண்டன்): இரண்டு வருடப் பழசா, புதுசா?

பிக்கப் விலை இலேசில் இறங்காது. இரண்டு வருடப் பழசுக்கும் புதுசுக்கும் இடையில் மிஞ்சுவதைக் கடன் வட்டி விழுங்கிவிடும், ஏனென்றால் கம்பனிகளின் குறைந்த வட்டிச் சலுகை பெரும்பாலும் புதுசுக்குத்தான். ஆகவே கடன் எடுத்தால் புதுசு. கையில் காசு இருந்தால் ஐந்தாறு வருடப் பழசு, இங்கேயே, அடியைப் பார்த்து.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணை, பஃபலோ ஆள் ஒரு மணித்தியாலத்துக்குள் முற்பணம் கேட்கிறான்.

விடுங்கோ.