ஹைட்ரஜன் கிட் மாட்டியும் மைலேஜ் ஏறவில்லை, கொடுத்த பணம் திரும்ப வருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சார், சொந்த பெட்ரோல் கார் வச்சு நானே கால் டாக்சி ஓட்டுறேன். தண்ணியிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்கு விடுற கிட், மைலேஜ் நாற்பது சதவீதம் ஏறும்னு வாட்ஸ்அப்ல விளம்பரம் வந்துச்சு. 28,000 ரூபாய் கட்டி வாங்கி, மூலக்கடையில ஒரு மெக்கானிக்கிட்ட மாட்டினேன். பதினாலு மாசமாச்சு, மைலேஜ் ஏறல, இன்ஜின் லைட்தான் எரியுது. கம்பெனி வெளி மாநிலம். கேட்டா 'நீங்க ஊத்தின தண்ணி சரியில்லை'ங்கிறாங்க. கேஸ் போட்டா நிக்குமா?"

நிற்கும். இந்த மாதிரி விஷயத்தில் பலர் பின்வாங்குவது, 'கிட் வேலை செய்யாதுன்னு நான் எப்படி நிரூபிக்கிறது, நான் என்ன இன்ஜினியரா' என்ற பயத்தால்தான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47) உங்களுக்குக் கை கொடுக்கிறது. முறையான சோதனை எதுவும் இல்லாமல் ஒரு பொருள் இவ்வளவு பலன் தரும் என்று மக்களிடம் உத்தரவாதம் கொடுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. 'சோதித்துப் பார்த்துத்தான் சொன்னோம்' என்று விற்றவர் வாதாடினால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அதனால் வக்கீல் நோட்டீஸில் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: அந்த நாற்பது சதவீதம் எந்தச் சோதனைக் கூடத்தில், எந்த வண்டியில் வந்தது, அறிக்கை எங்கே?

தண்ணீர் மேல் பழி போடுவதை ஏற்காதீர்கள். கிட்டுக்கு மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது இன்ஜின், இன்ஜின் குடிப்பது உங்கள் பெட்ரோல். தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல், அந்த வாயு எரிந்து திரும்பத் தருவதைவிட எப்போதும் அதிகம்தான், எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் சரி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மைலேஜ் கருவிகளைச் சோதித்திருக்கிறது. ஏதோ கொஞ்சம் மிச்சம் காட்டிய ஒன்றிரண்டிலும் அது சொற்பம்தான். சில கிட்டுகளோடு, புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளந்து இன்ஜினுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் ஒரு சின்ன சர்க்யூட்டும் வரும். உங்கள் இன்ஜின் லைட்டுக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம், சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் என்றால் அனுமதி பெற்ற வகையாக இருக்க வேண்டும், ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். அனுமதியில்லாத கிட்டை மாட்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 உங்கள் மேலேயே பாயலாம். பிரிவு 182ஏ-படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிலும் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அதனால் கழற்றிவிடுங்கள். ஆனால் அவசரப்பட்டுக் கழற்றி காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி! மாட்டியிருக்கும் நிலையிலேயே கிலோமீட்டர் மீட்டரும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், வேறொரு மெக்கானிக்கை வைத்துக் கழற்றி அவரிடம் எழுதி வாங்குங்கள், பாகங்களை மூட்டை கட்டி வீட்டில் வையுங்கள். பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. விளம்பரம், குரல் செய்தி, ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

எதிர்த்தரப்பு கட்டாயம் ஒன்று சொல்லும்: 'டாக்சி வணிகம், அவர் நுகர்வோரே இல்லை.' நீங்களே ஓட்டி, அதை மட்டுமே நம்பிப் பிழைப்பதால் அது நிற்காது, சுயதொழிலுக்குச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. மனுவில் இதைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள், நாலைந்து வண்டி விட்டு ஆள் வைத்து ஓட்டுகிறவர் என்றால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ருதி என்ற அரசின் நுகர்வோர் வழக்கு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். மூலக்கடை மெக்கானிக்கையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் 'மாட்டியது சரியில்லை' என்று கம்பெனி அவர் மேல் தள்ளிவிடும். கிட் விலை, மாட்டிய கூலி, சென்சார் பழுதுச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு இவற்றைக் கேளுங்கள். மிச்சமாகியிருக்க வேண்டிய பெட்ரோல் என்று லட்சக்கணக்கில் கேட்டால் நிரூபிக்க முடியாது, மற்ற கோரிக்கைகளும் பலமிழக்கும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யுங்கள், சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும். ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் உட்காராதீர்கள். வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு, வாங்கிய நாளை வைத்தே எண்ணுவது பாதுகாப்பு. உங்களுக்கு மீதி பத்து மாதம். இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு நோட்டீஸ் அனுப்பிப் பதினைந்து நாள் பாருங்கள், பதில் வராவிட்டால் தாக்கல் செய்துவிடுங்கள்.