300 டிபிஐ போட்டும் படம் ஏன் மங்குது?

கேள்வி: எங்கம்மா தவறி வர்ற மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது. நினைவு பூசைக்கு அவங்க படத்த ஏ3 அளவுல அடிச்சி ஃபிரேம் போடலாம்னு பினாங்குல இருக்கிற தம்பிகிட்ட கேட்டேன், ஆல்பத்துல இருந்த 4ஆர் (4க்கு 6 இஞ்சு) படத்த போன்ல புடிச்சி வாட்ஸ்அப்ல அனுப்பினான். பிரிண்டிங் கடையில காட்டினா, இது 72 டிபிஐதான்கா, 300 ஆக்கி கொண்டாங்கன்னுட்டாங்க. மகன் ஃபோட்டோஷாப்ல 300னு போட்டுக் கொடுத்தான். ஃபைல் பெருசாச்சி, ஆனா அம்மா மூஞ்சி மங்கலா இருக்கு, மூக்குத்தி இருந்த இடத்துல வெறும் வெள்ளையா ஒரு பொட்டு. எங்க தப்பு பண்ணோம்?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அக்கா, மகன திட்டிடாதீங்க, கடைக்காரர் சொன்னதத்தான் அந்தப் புள்ள செஞ்சிருக்கான். நீங்க லெட்டரோட அனுப்பின ரெண்டு ஃபைலையும் தொறந்து பார்த்தேன். தம்பி அனுப்பினது 1200க்கு 1600 பிக்சல், பிக்சல்னா படத்துல உள்ள ஒவ்வொரு புள்ளி. மகன் மாத்தினது 5000க்கு 6667. அதாவது முதல்ல இருந்தது சுமார் 19 லட்சம் புள்ளி, இப்ப 3 கோடியே 33 லட்சம் புள்ளி, நடுவுல இருக்கிற இந்த 3 கோடிக்கு மேல உள்ள புள்ளி எல்லாம் உங்கம்மா மூஞ்சில இருந்து வந்ததே இல்ல, பக்கத்துல இருக்கிற கலர பார்த்து கம்ப்யூட்டர் உத்தேசமா நிரப்பினது. மூக்குத்தி கல்லு கரைஞ்சி பொட்டா போனது அதனாலதான்.

வாசல்ல புள்ளி வச்சி கோலம் போடுவீங்கல்ல, அத நெனச்சிக்குங்க. அதே 7 புள்ளிய நெருக்கி வச்சா சின்ன கோலம், தள்ளித் தள்ளி வச்சா வாசல் முழுக்க வரும், ஆனா புள்ளி 7தான். டிபிஐங்கிறது ஒரு இஞ்சுக்குள்ள எத்தன புள்ளின்னு சொல்ற கணக்கு, அவ்ளோதான். படத்துக்கு சரியான பேரு பிபிஐ, அதாவது இஞ்சுக்கு எத்தன பிக்சல்னு, கடைங்கள்ல ரெண்டையும் டிபிஐன்னே சொல்லி பழகிட்டாங்க. உங்க 1600 பிக்சல 72ல அடிச்சா 22 இஞ்சு உயரம் வரும், 300ல அடிச்சா 5 இஞ்சு சொச்சம் வரும், படத்துல உள்ள சரக்கு ரெண்டுலயும் ஒன்னுதான். அந்த 72 கூட கேமரா கண்டுபுடிச்ச விஷயம் இல்லக்கா, 1984ல வந்த மெக்கிண்டாஷ் ஸ்கிரீன்ல இஞ்சுக்கு 72 புள்ளி இருந்துச்சி, அந்த நம்பர் அப்படியே ஒட்டிக்கிச்சி, இன்னிக்கும் நிறைய ஃபைல்ல சும்மா ஒரு லேபிள் மாதிரி உக்காந்திருக்கு. அதனால இனிமே யாராவது டிபிஐ எவ்ளோன்னு கேட்டா, பிக்சல் எவ்ளோன்னு நீங்க திருப்பி கேளுங்க. விண்டோஸ்ல ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனா தெரியும்.

வெறும் லேபிள மட்டும் மாத்தணும்னா ஃபோட்டோஷாப்ல இமேஜ் சைஸ் பெட்டியில ரீசாம்பிள்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துட்டு அப்புறம் 300னு போடணும். மகன் அத எடுக்காம விட்டதுதான் நடந்தது. காசு கொடுத்து வாங்க வேணாம்னா கிம்ப்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசம், அதுல இமேஜ் மெனுல பிரிண்ட் சைஸ்னு இருக்கிறதுல மாத்தணும், ஸ்கேல் இமேஜ் பக்கம் போகவே வேணாம்.

ஆனா உங்களுக்கு லேபிள் மாத்தி ஒன்னும் ஆகாது. ஏ3 உயரம் 16 அரை இஞ்சு, 1600 பிக்சல அதுல பரப்பினா இஞ்சுக்கு 97தான் வரும், கிட்ட நின்னு பாக்கிற அம்மா படத்துக்கு அது பத்தாது. தம்பிகிட்ட சொல்லி அந்த 4ஆர் படத்த ஸ்கேனர்ல 600 டிபிஐல எடுக்கச் சொல்லுங்க. 4 இஞ்சுக்கு 6 இஞ்சுன்னா 2400க்கு 3600 பிக்சல் கெடைக்கும், ஏ3ல அடிக்கும்போது 200க்கு மேல நிக்கும், செவுத்துல மாட்ற படத்துக்கு அது தாராளம். 300 வந்தே ஆகணும்னு கடையில அடம் புடிச்சாலும் விட்டுக் கொடுக்காதீங்க. 600க்கு மேல 1200, 2400னு ஏத்தறதுல பழைய பிரிண்டுக்கு பெரிய லாபம் இல்ல, பேப்பர்ல இருக்கிறதுதானே வரும். படத்த ஆல்பத்து பிளாஸ்டிக்குல இருந்து எடுத்து ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, ஒட்டிக்கிட்டு இருந்தா மட்டும் பிய்க்க வேணாம், இருக்கிறது ஒரே படம்னா போனது போனதுதான். ஸ்கேனர் கண்ணாடிய நல்லா தொடச்சிட்டு வைக்கணும். முக்கியமா வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, ஃபோட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும், மறுபடி பழைய கதைதான்.

கேள்வி: தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை போற வழியில பசங்க சேர்ந்து தண்ணீர் பந்தல் போடறோம். 10 அடிக்கு 4 அடி பேனர் டிசைன் பண்றேன், 300 டிபிஐல தொறந்தா லேப்டாப் அப்படியே நின்னுடுது. குறைச்சா பேனர் கெட்டுடுமா அண்ணே?
- வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: கெடாது தம்பி, தைரியமா குறைங்க. 10 அடின்னா 120 இஞ்சு, 300ல போட்டா 36,000க்கு 14,400 பிக்சல், 51 கோடி புள்ளிக்கு மேல, லேப்டாப் பாவம் என்ன பண்ணும். கையில வச்சி படிக்கிற பத்திரிகைக்குத்தான் 300, பேனர ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பாப்பாங்க, தூரம் கூடக் கூட கண்ணுக்கு புள்ளி தனியா தெரியாது. 100 போட்டு 12,000க்கு 4,800ல செய்ங்க, போதும்.

எழுத்தயும் வேல் உருவத்தயும் மட்டும் படமா ஆக்காம இல்லஸ்ட்ரேட்டர்லயோ இங்க்ஸ்கேப்லயோ வெக்டரா, அதாவது புள்ளியா இல்லாம கோடா வச்சி பிடிஎஃப்ஆ கொடுங்க, ஏன்னா கோடு எவ்ளோ பெருசாக்கினாலும் ஓரம் சுத்தமா இருக்கும். எழுத்த அவுட்லைனா, அதாவது ஃபாண்ட் தேவப்படாத கோட்டு வடிவமா மாத்திட்டு கொடுங்க, கடை கம்ப்யூட்டர்ல உங்க தமிழ் ஃபாண்ட் இல்லன்னா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சி அடிச்சிடுவாங்க, போன வருஷம் எங்க ஏரியா பந்தல்ல ‘வேல் வேல்’ அப்படித்தான் தொங்குச்சி, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சி.