புள்ளி வெள்ளியில், பார்வைத்துண்டில் வெறும் இருட்டு: கேள்வி பதில்

நிலாவெளிக் கடற்கரையில் தொலைநோக்கி வைத்த இரவு கேட்டவையும், பிறகு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தவையும் இவை; முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். வெள்ளி என்றால் இங்கே நட்சத்திரம், பார்வைத்துண்டு என்றால் நாங்கள் கண் வைத்துப் பார்க்கும் வில்லை. எல்லாம் ஒரு சின்னச் சாமானைப் பற்றித்தான்: உருப்பெருக்காத ஃபைண்டர், அதாவது குழாய் வானத்தில் எங்கே பார்க்கிறது என்று காட்டும் குறிகாட்டி. சிலரிடம் ஒற்றைச் சிவப்புப் புள்ளி காட்டும் றெட் டொட் இருக்கிறது. என்னுடைய 8 அங்குல டொப்சோனியன் தொலைநோக்கியில் இருப்பது டெல்ராட். அது அரைப் பாகை, 2 பாகை, 4 பாகை என்று மூன்று சிவப்பு வட்டங்களை வானத்தில் வைக்கும்.

உவர்மலை: சேர், புள்ளியைச் சரியாச் சுவாதி நட்சத்திரத்தில வைக்கிறன். பார்வைத்துண்டில ஒண்டுமில்லை. தொலைநோக்கி பழுதோ?

தொலைநோக்கி பழுதில்லை தம்பி. புள்ளியும் குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை வைத்துச் சரிசெய்ததாக எழுதியிருக்கிறீர். அதுதான் பிழை. ஃபைண்டர் குழாயின் நடு அச்சிலிருந்து ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. தாங்கி 20 மீற்றரில் நின்றால், இரண்டையும் அதில் பொருத்தியதும் அவை ஒன்றுக்கொன்று அரைப் பாகைக்குக் கிட்டச் சரிந்துவிடும். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் நீர் பார்க்கிற வட்டமே மொத்தம் ஒரு பாகை. நடுவிலிருந்து அரைப் பாகை தள்ளினால் வெள்ளி விளிம்பில் நிற்கும் அல்லது வெளியே போய்விடும். பத்து மில்லிமீற்றர் போட்டிருந்தால் வட்டம் இன்னும் சின்னது, சொல்லவே வேண்டாம். அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கோபுரத்தைப் பிடித்தால் அதே பிழை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காகிவிடும், கவலையில்லை.

செய்முறை: உள்ளதில் கூடிய குவியத்தூரமுள்ள (மில்லிமீற்றர் எண் பெரிய) பார்வைத்துண்டைப் போடும். புள்ளியை மறந்துவிட்டு, தூரத்துப் பொருளைப் பார்வைத்துண்டின் நடுவுக்குக் கொண்டுவாரும். பிறகு குழாயைத் தொடாமல், திருகாணிகளைத் திருகிப் புள்ளியை அதே பொருளின்மேல் கொண்டுபோய் வையும். அசைய வேண்டியது புள்ளி, குழாயல்ல. பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பகலில் செய்வதென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்யும். முடிந்ததும் சுவிச்சை நிறுத்தும்.

மூதூர், உயர்தர மாணவி: சேர், கண்ணாடி கைக்கெட்டின தூரத்தில இருக்கு. ஆனா புள்ளி வானத்தில ஒட்டியிருக்கிற மாதிரித் தெரியுது. தலையை ஆட்டினாலும் வெள்ளியை விட்டு விலகேல்லை. எப்படி?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் கடதாசி சேகரித்தேன், பிள்ளை. உங்கள் பௌதிகவியல் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. வில்லையின் குவியத்தில் ஒரு ஒளிப்புள்ளியை வைத்தால் கதிர்கள் எப்படி வெளியே வரும்? சமாந்தரமாக. சமாந்தரக் கதிர் கண்ணுக்கு முடிவிலியிலிருந்து வருவதாகவே படும். டெல்ராட்டில் சின்னச் சிவப்பு விளக்கொன்று வட்டங்கள் வெட்டிய தகட்டுக்குப் பின்னால் எரிகிறது. தகடு வில்லையின் குவியத்தில் இருக்கிறது. வெளிவரும் கதிரைச் சரிவாக வைத்த கண்ணாடி உங்கள் கண்ணுக்குத் திருப்புகிறது. றெட் டொட்டில் வில்லையும் கண்ணாடியும் தனித்தனி இல்லை, வளைந்த ஒரே கண்ணாடி இரண்டு வேலையும் பார்க்கும். வெள்ளியும் முடிவிலி, புள்ளியும் முடிவிலி. ஆகவே தலை ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

இந்த வித்தைக்கு 1900இல் காப்புரிமை எடுத்தவர் டப்ளினைச் சேர்ந்த ஹவார்ட் க்ரப். பெருந்தொலைநோக்கிகள் செய்த குடும்பத்துக்காரர். ஆனால் அவர் காப்புரிமை எடுத்தது துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்கு. அது பிறகு போர் விமானங்களில் ஏறி, கடைசியில் எங்கள் குழாய்களில் வந்து குந்தியிருக்கிறது. டெல்ராட்டைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஸ்டீவ் குஃபெல்ட்.

இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். ஒரு கண் புள்ளியை எடுக்கும், மற்றது வானத்தை எடுக்கும், மூளை இரண்டையும் ஒட்டிவிடும்.

கிண்ணியா: இந்தச் சிவப்பு வெளிச்சம் வெளியில தெரியுமோ? நேவிக்காரர் வந்து விசாரிப்பினமோ?

தெரியாது. அது உங்கள் கண்ணுக்கு மட்டும் வருகிற மங்கல் வெளிச்சம். விசாரிக்க வைக்கிறது பச்சை லேசர். சீனன்குடாவில் விமானத்தளம் இருக்கிற ஊரில் வானத்துக்கு லேசர் அடிக்கிறவரோடு நான் கதைப்பதில்லை.

குச்சவெளி: புள்ளி சரி, ஆனா தொலைநோக்கியில ஒண்டும் தெரியேல்லை.

உவர்மலைக்குச் சொன்னதை வாசியுங்கோ.

தம்பலகாமம்: புத்தகத்தில் துருவ நட்சத்திரத்தை வைத்து ஃபைண்டரைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறது, அது அசையாதாம். இங்கேயும் அப்படியோ?

அந்தப் புத்தகம் எழுதினவர்களுக்குத் துருவம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கும். நாங்கள் வடக்கு 8.5 பாகையில் இருக்கிறோம். எங்களுக்கு அது கடல் விளிம்புக்கு மேலே அவ்வளவேதான். புகாருக்குள் மங்கிக் கிடக்கும். புள்ளியின் பிரகாசத்தைக் குறைக்காவிட்டால் புள்ளியே அதை விழுங்கிவிடும். ஆனால் ஆசிரியரின் நியாயம் சரி: வானத்து நடுக்கோட்டுக்குக் கிட்டவுள்ள வெள்ளி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை ஓடும், நீர் திருகாணியைத் தேடுவதற்குள் அது பார்வைத்துண்டை விட்டுப் போய்விடும். சித்திரை, வைகாசியில் தென்சிலுவையின் அடிவெள்ளியை எடும். அது பாதிக்கும் குறைந்த வேகத்தில்தான் நகரும்.

உப்புவெளி, ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். துருவ நட்சத்திரம் இலங்கையில் தெரியாது. அறுபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்.

தெரியும் ஐயா. நடுக்கோட்டுக்கு வடக்கே நிற்கிற எவருக்கும், மறைப்பில்லாவிட்டால், தெரியும்.

திருக்கடலூர், கடற்றொழிலாளி: கடலுக்குள்ள போனாத் தெரியும். வடக்கால, பதிவா, மங்கல்.

உப்புவெளி: அது வேறு ஏதோ வெள்ளி. அல்லது கப்பல் விளக்கு.

சரி, டெல்ராட்டிடமே கேட்போம். வெளிவட்டத்தின் அடியைக் கடல் விளிம்பில் வையுங்கள். மேல்முனை 4 பாகை. அந்த மேல்முனையில் அடுத்த வட்டத்தின் அடியை வையுங்கள். மேல்முனை 8 பாகை. அதற்குச் சற்று மேலே ஒரு தனி வெள்ளி. சந்தேகமென்றால் மேலே சப்தரிஷி மண்டலத்தின் முன்னிரண்டு வெள்ளிகளை இணைத்துக் கீழே கோடு இழுங்கள், அதுவும் அங்கேதான் வந்து முட்டும். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து ஏறக்குறைய ஒரு பாகையின் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நிற்பதால், நேரத்தைப் பொறுத்து அந்தளவு ஏறும், இறங்கும். இரண்டாம் ஒளிப்பருமன் வெள்ளி (எண் கூடக் கூட மங்கல்). எங்கள் கடற்காற்றின் தடிப்பினூடாக நாலாம் பருமன் போல வரும். உப்புவெளி ஹோட்டல் வெளிச்சத்துக்குள் நின்று அதை அறுபது வருஷம் காணாமல் இருக்கலாம், அதை நம்புகிறேன்.

உப்புவெளி: பார்த்தேன். அது நங்கூரம் போட்ட கப்பல்.

(இந்த இடத்தில் கடற்கரையில் நின்ற பாதிப்பேர் வடக்கே திரும்பி நின்றார்கள். தொலைநோக்கியைப் பார்க்க ஆளில்லை. திருக்கடலூர் அண்ணை "எட்டுப் பாகை உயரத்தில நங்கூரம் போட்ட கப்பலை நான் காணேல்லை" என்றார்.)

நகரம்: உருப்பெருக்கும் ஃபைண்டர் இருக்க இது எதற்கு?

நகரத்துக்குள் இருந்தால் உங்களுக்கு அதுதான் நல்லது. வழிகாட்ட வெறுங்கண்ணுக்கு வெள்ளிகள் தெரிந்தால்தான் புள்ளிக்கு வேலை. தெருவிளக்கு அவற்றை அழித்துவிட்டால் புள்ளி வெறும் வானத்தில்தான் நிற்கும். நிலாவெளியில் எனக்குப் புள்ளி போதும், படம் தலைகீழாகாது.

கிண்ணியா, ஆசிரியை: பிள்ளைகளுக்கு முதலில் எதைத் தேடிக் காட்டலாம்?

ஒமேகா சென்டோரி. லண்டனில் இருக்கிற எங்கள் உறவினருக்கு அது வாழ்நாளில் அடிவானத்துக்கு மேலே வராது, எங்களுக்கு 34 பாகை உயரத்துக்கு வருகிறது. சித்திரை நட்சத்திரம் தெற்கு உச்சியில் இருக்கும்போது அதிலிருந்து நேர்கீழே 36 பாகை, நீட்டிய கையின் மூன்றரை முட்டி. நிச்சயம் வேண்டுமென்றால், தென்சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பளிச்சென்ற வெள்ளிகள் இருக்கும். அதில் சிலுவைக்குக் கிட்டவுள்ளது பீட்டா சென்டோரி. அங்கிருந்து மேலே எப்சிலோன் சென்டோரிக்குக் கோடு இழுத்து, ஏறக்குறைய அதே தூரம் நீட்டுங்கள். கோட்டின் முனையில் வெறுங்கண்ணுக்கே மங்கலான ஒரு "வெள்ளி". அதில் புள்ளியை வைத்துக் குனிந்தால் அது வெள்ளியில்லை, ஒரு கோடி வெள்ளி, 17,000 ஒளியாண்டுக்கு அப்பால், உப்புக் கொட்டினது போல. பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

அடுத்தது கேட்டை. புள்ளியைக் கேட்டையில் வைத்து, மேற்கே, அதாவது தெற்கைப் பார்த்து நின்றால் வலப்பக்கம், 1.3 பாகை தள்ளுங்கள். எம்4 என்ற வெள்ளிக் கொத்து.

உவர்மலை, இன்னொருவர்: சூரியனைத் தேட இதைப் பாவிக்கலாமோ?

கூடாது. ஃபைண்டருக்கூடாகவும் கூடாது, குழாய்க்கூடாகவும் கூடாது. முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி போட்ட பிறகு, குழாயின் நிழல் நிலத்தில் ஆகச் சின்னதாகும்வரை திருப்புங்கள்; அதுதான் ஃபைண்டர். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தன்று நான் அப்படித்தான் பிடித்தேன்.

குச்சவெளி, வேறொருவர்: கண்ணாடி ஒவ்வொரு இரவும் மங்குது.

பனியும் உப்பும். சாரத்தால் துடையாதீர்கள், உப்புப் பரல் கீறும். முதலில் ஊதி, வடித்த நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாக. கறுப்பு அட்டையில் ஒரு கூடு செய்து போட்டால் பாதி குறையும்.

மூதூர்: புள்ளியே வரேல்லை.

பற்றரி. போனமுறை சுவிச்சை நிறுத்தவில்லை. சின்ன விளக்குத்தான், ஆனால் விடியும்வரை, அடுத்தநாள் முழுதும் எரிந்தால் நாணயப் பற்றரி என்னத்துக்குக் காணும்? நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ.

பெயரில்லை: என் நட்சத்திரம் பூரட்டாதி, இந்த வருஷம் எப்படி?

பஞ்சாங்கம் வைத்திருப்பவரிடம்.

கிண்ணியா: புள்ளி சரியா இருக்கு, ஆனா பார்வைத்துண்டில...

உவர்மலை. முதல் பதில். தண்ணீர்த் தாங்கி.

உப்புவெளி: நேற்று இரவு மகனின் றெட் டொட்டை வைத்துப் பார்த்தேன். ஏழு மணிக்குப் புள்ளியை அந்தக் கப்பலில் வைத்தேன். பத்து மணிக்கும் கப்பல் புள்ளிக்குக் கிட்டவே நிற்கிறது. மற்ற வெள்ளியெல்லாம் போய்விட்டது.

ஐயா, மூன்று மணித்தியாலமும் சுவிச் போட்டபடியோ?