வட கொரியா ராக்கெட்: கோத்தகிரி கூட்டத்தில் வந்த கேள்விகள்

2012 ஏப்ரல் 13-ல் வட கொரியா செயற்கைக்கோளோடு ஏவிய உன்ஹா-3 ராக்கெட் சில நிமிடங்களில் மஞ்சள் கடலில் விழுந்த கதையை நூலகத்தில் சொன்னேன். சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே.

செயற்கைக்கோள் விடுவது குற்றமா? (குன்னூர்)

கோளில் குற்றமில்லை, அதைச் சுமந்த வண்டியில்தான். பாலாடாவில் கேரட் ஏற்றும் டெம்போவில் நாளை மூட்டைக்குப் பதில் ஆளை ஏற்றினாலும் டெம்போ டெம்போதானே? பாலிஸ்டிக் ஏவுகணைத் (மேலே எழும்பி, வளைந்து தொலைவில் போய் விழும் ஏவுகணை) தொழில்நுட்பத்தில் வட கொரியா எதையும் ஏவக் கூடாது என்று 2009-லேயே ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1874-ஆம் தீர்மானம் சொல்லிவிட்டது. போதாததற்கு, 2012 பிப்ரவரி 29-ல்தான் நீண்டதூர ஏவுகணைச் சோதனையை நிறுத்துவதாக அமெரிக்காவிடம் ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு 2,40,000 டன் உணவு. பதினாறே நாளில் ராக்கெட் அறிவிப்பு! உணவும் போயிற்று.

நம் தலையில் விழுமா? (எமரால்டு)

விழாது. அது தெற்கே கடல் மேல் போனது.

செயற்கைக்கோள் ஏவும் நம் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டும் 1979-ல் வங்கக் கடலில் விழுந்ததே. அதன் முதல் கட்ட மோட்டார்தானே 1989-ல் அக்னி ஏவுகணையில் போனது? (கோத்தகிரி ஆசிரியர்)

ஆமாம் சார், இயற்பியலில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் சட்டத்தில். நாம் அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அவர்கள் போட்டுவிட்டு 2003-ல் விலகினார்கள்.

சட்டம் எழுதியது வல்லரசுகள்தானே? (அதே ஆசிரியர், இரண்டாம் சீட்டு)

பாதி ஒப்புக்கொள்கிறேன். 1992-ல் கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) என்ஜினுக்காக இஸ்ரோ மீது அமெரிக்கா தடை போட்டபோது எனக்கும் வயிறு எரிந்தது. அந்த என்ஜினை வைத்து எவன் ஏவுகணை செய்வான்? குளிரவைத்து எரிபொருளை ஏற்றவே மணிக்கணக்கு ஆகும். ஆனால் 1874-க்கு சீனாவும் ரஷ்யாவும் சேர்ந்தே கைதூக்கின சார். அதை மேற்கத்தியச் சதி என்றால் எப்படி?

தோல்வியை மறைத்தார்களா? (மஞ்சூர்)

இல்லை. அன்றே அரசு டிவியில் சொன்னார்கள். வெளிநாட்டு நிருபர்களை வேறு வரவழைத்து வைத்திருந்தார்களே! டிசம்பர் 12-ல் அடுத்ததை ஏவி ஜெயித்தார்கள்.

நம் மேல் விழுமா? (கூடலூர்)

எமரால்டு பதிலைப் பாருங்கள்.

கடலிலிருந்து தூக்கிய படம் வாட்ஸ்அப்பில் வந்ததே? (கேத்தி)

தென் கொரியா 2023-ல் தூக்கியது, வேறு ராக்கெட். தேதி பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

முத்தோரை தொலைநோக்கியில் இதைப் பார்த்தார்களா? (ஊட்டி)

530 மீட்டர் நீளமானாலும் அது விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் காது அம்மா, வேவு பார்க்க அல்ல.

விழுமா? (பெயரில்லை)

விழாது!

அப்போ உங்களுக்கு எந்தப் பாதி ஒப்புதல்? (ஆசிரியர், மூன்றாம் சீட்டு)

நேரில் வாருங்கள், டீ போட்டு வைக்கிறேன்.