கேளுங்கள், சொல்கிறோம்: அல்பாகா முடி

கே: பெரு நாட்டு வீடியோ ஒன்றில் அல்பாகாவின் (முடிக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்து விலங்கு) காலைக் கட்டி, முன்னும் பின்னும் கயிற்றால் இழுத்து வைத்து முடி வெட்டுகிறார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. வேறு வழியே இல்லையா? (வாசகி, திருப்பூர்)

ப: பாவமாகத்தான் இருக்கும், அது போடும் சத்தம் வேறு ஊரைக் கூட்டும். ஆனால் நடுவில் ஒரு துள்ளு துள்ளினால் மெஷின் தோலைக் கிழித்துவிடும். இழுத்து வைத்தால் தோலில் சுருக்கம் விழாது, கை தேர்ந்த ஆள் பத்து நிமிஷத்துக்குள் முடித்து எழுப்பிவிடுவார். மிரண்டால் பச்சையாகத் துப்பும் என்பதால் சில பண்ணைகளில் மூக்கில் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். படுத்த கையோடு நகத்தையும் நறுக்கிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்தக் கூத்து. இது தானாக உதிர்கிற முடி இல்லை, வெட்டாமல் விட்டால் வெயில் காலத்தில் சூடு தாங்காமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கே: வெட்டியதை ஒரே மூட்டையாகக் கட்டாமல் எதற்கு இத்தனை பைகள்?

ப: காசே அதில்தான் இருக்கிறது. ஒரே உடம்பில் முதுகும் விலாவும் மெத்தென்று இருக்கும், காலும் வயிறும் நெஞ்சும் முரடு. அதனால் முதுகு, விலா முடியை முதலில் பாய் சுருட்டுவதுபோல் ஒரே துண்டாக எடுத்துத் தனிப் பையில் போடுவார்கள், கழுத்து முடி அடுத்த பை, மிச்சமெல்லாம் மூன்றாவது. நல்ல முடியில் ஒரு பிடி கால் முடி கலந்தாலும் போதும், அதில் பின்னிய ஸ்வெட்டர் கழுத்தில் குத்தும். அப்புறம் கம்பிவலை மேசையில் விரித்து உதறினால் தூசியும், மெஷின் இரண்டாம் முறை ஓடியதில் விழுந்த பொடி முடியும் கீழே கொட்டிவிடும், அந்தப் பொடி நூலில் போனால் நூல் முடிச்சு முடிச்சாக வரும். வெள்ளை அல்பாகாக்களை முதலில் முடித்துவிட்டுக் கறுப்புக்குப் போவதும் இதே கவலையில்தான், வெள்ளையில் கறுப்பு முடி நாலு விழுந்தால் பொறுக்கி எடுத்து மாளாது.

பெருவின் தரக்கணக்கில் முடியின் தடிமன் 23 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் ‘பேபி’ ரகம், வளர்ந்த விலங்கின் முடியானாலும் சரி. 31.5-ஐத் தாண்டினால் முரட்டு ரகம், கம்பளத்துக்குப் போகும். பெருவின் அரெகிப்பா நகர ஆலைகளில் இதை இன்றும் பெண்கள் விரலால் தடவியே பிரிக்கிறார்கள், சிறு பண்ணைக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டாம், மூன்று பைகளும் கலக்காமல் இருந்தாலே போதும். இன்னொன்று, மழையில் நனைந்த அல்பாகாவை அன்றைக்குத் தொடாதீர்கள். ஈர முடியை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து மொத்தமும் போச்சு.