கடல் தாண்டிக் கேளுங்கள்: பேஸ்பால் கார்டு பைத்தியம்

ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, போன இதழில் 'பேஸ்பால் கார்டு சேர்க்கிறேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு விட்டீர்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கே: அமெரிக்காவில் இருக்கும் பேரன் பிறந்தநாளுக்கு பேஸ்பால் கார்டுதான் வேண்டும் என்கிறான். வெறும் அட்டைப் படத்தில் அப்படி என்ன சுகம்? (ஒரு பாட்டி, ஈரோடு)

ப: அம்மா, நான் பிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் பார்த்தவள். அட்டையின் முன்பக்கம் ஒரு பேஸ்பால் வீரரின் படம் இருக்கும். எனக்கு அதைவிடப் பின்பக்கம்தான் பிடிக்கும். இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அதற்குள் ஒரு மனிதனின் உழைப்பு முழுவதும் வருடவாரியாகப் பொடி எழுத்தில் இருக்கும். எந்த அணி, எத்தனை ஆட்டம், எத்தனை 'ஹிட்' (பந்தை அடித்துவிட்டு ஓடி ஆட்டமிழக்காமல் தளத்தைத் தொட்டால் ஒரு ஹிட்), சராசரி எவ்வளவு, எல்லாம். மூன்று வருடம் நன்றாக ஆடியவனுக்கு நாலாவது வருடம் பத்தே ஆட்டம் என்றிருந்தால், காயமா, சண்டையா, வயதா என்று மனம் தானாகவே துப்பறியத் தொடங்கிவிடும்.

எங்கள் ஊர் பைரேட்ஸ் அணியில் ஆடிய ராபர்ட்டோ கிளமென்ட்டேயின் 1973ஆம் வருடக் கார்டைச் சொல்கிறேன். போர்ட்டோ ரிக்கோக்காரர். 1972 செப்டம்பர் 30 அன்று தன் மூவாயிரமாவது ஹிட்டை அடித்தார். அந்த டிசம்பர் 31 இரவு, பூகம்பத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். கார்டு வந்தது அதற்குப் பிறகு. பின்பக்கத்துப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ஹிட் சரியாக 3000. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. கணக்கு எழுதிய கைக்கு அந்த எண்ணைப் பார்த்தால் என்னவோ செய்கிறது.

இன்னொன்று. 1957லிருந்து 1969 வரை, கார்டு அச்சிடும் டாப்ஸ் கம்பெனி அவர் பெயரை 'பாப் கிளமென்ட்டே' என்றே அச்சிட்டது. ராபர்ட்டோ என்று சொல்ல வாய் நோகுமா? இங்கே வந்து பாதிப் பெயரை ஆபீஸில் தொலைத்த நம்மவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். 1970 கார்டில்தான் மறுபடி ராபர்ட்டோ. அதனாலேயே 1969, 1970 கார்டுகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து உறையில் வைத்திருக்கிறேன்.

பேரனுக்கு ஒரு கார்டுப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒன்பது உறை வைத்த பிளாஸ்டிக் தாள்களும் ஒரு ஃபைலும். அடுக்குவதில்தான் பாதி சந்தோஷம்.

கே: ஒரு கார்டு நூறு கோடி ரூபாய்க்கு விற்றதாமே, கதையா நிஜமா? (வாசகர், காரைக்குடி)

ப: நிஜம். யாங்கீஸ் அணியின் மிக்கி மேண்டல், டாப்ஸ், 1952, எண் 311. 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலர். இதில் வேடிக்கை என்னவென்றால், 1952இல் இந்தக் கார்டு இருந்த கடைசித் தொகுதி கடைக்கு வரும்போது சீசன் முடிகிற நேரம். பிள்ளைகள் அமெரிக்க ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள். விற்காத பெட்டிகள் வருடக்கணக்காகக் கிடங்கில் கிடந்தன. அந்தக் கார்டை வடிவமைத்த சை பெர்கரே 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார். இதை அவரே சொல்லியிருக்கிறார்.

அதற்கும் முந்தைய ராஜா, எங்கள் ஊர்க்காரர் ஹோனஸ் வாக்னர். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த கார்டு. அவர் தன் படத்தைப் போடக் கூடாது என்று நிறுத்திவிட்டதால் சொற்பமே வெளியே வந்தது. பிள்ளைகள் புகையிலை வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்கிறார்கள் சிலர், காசு கொடுக்கவில்லை என்ற கோபம் என்கிறார்கள் சிலர். நான் முதல் கட்சி. ஊர்ப்பாசம்!

கே: 1990 வாக்கில் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கார்டுக் கட்டு ஒன்று பரணில் இருக்கிறது. வீடு கட்டலாமா? (வாசகர், மதுரை)

ப: வாசற்படிகூட வராது. அந்தக் காலத்தில் கம்பெனிகள் கண்மண் தெரியாமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் முதலீடு என்று பூட்டி வைத்தார்கள். எல்லோரிடமும் இருப்பதை யார் வாங்குவது? அந்தக் கட்டுக்குள் அப்பர் டெக் கம்பெனியின் 1989 கார்டு, எண் 1, கென் கிரிஃபி ஜூனியர் இருந்தால் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். பாக்கெட் பிரிக்காமல் உள்ளே சூயிங்கம் இருந்தால் பேத்தி கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டுக்கொண்டிருந்த கார்டில் கறை பிடித்திருக்கும்.

கே: தபால்தலையில் பிழை இருந்தால் மதிப்பு என்பார்கள். இதிலும் உண்டா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ப: அதில்தான் எனக்கு ருசி. 1957 டாப்ஸில், வலதுகைக்காரரான ஹாங்க் ஆரன் இடதுகை ஆட்டக்காரராக நிற்பார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சட்டையில் 44 கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கும். 1969இல் அவுரேலியோ ரோட்ரிகஸ் என்ற வீரரின் கார்டில் இருப்பது அவரே இல்லை, அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன்! இதற்கெல்லாம் கோடி வேண்டாம். கார்டு வாங்கி விற்கும் சந்தையான கார்டு ஷோவுக்குப் போனால் நீள நீளமான வெள்ளை அட்டைப் பெட்டிகளில் சாதாரண வீரர்களின் கார்டுகளை நெருக்கி அடுக்கி வைத்திருப்பார்கள். 'டாலர் பாக்ஸ்' என்று பெயர். என்னைப் போன்ற கிழங்கட்டைகள் பென்சிலால் எழுதிய பட்டியலோடு நின்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் நிற்பவர் தேடுவது நம் கையில் அகப்பட்டால் எடுத்து நீட்டுவோம். காசு பேச்சே வராது. கார்டு எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று மார்க் போட்டுக் கனமான பிளாஸ்டிக்கில் அடைத்துச் சீல் வைக்கிற வழக்கம் மட்டும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அப்புறம் அட்டையைக் கையால் எப்படித் தொட்டுப் பார்ப்பது?

கே: எனக்கு பேஸ்பால் விதியே தெரியாது. சேர்க்கலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: தாராளமாக. சிரக்யூஸ் நகரத்தில் ஜெஃபர்சன் பர்டிக் என்று ஒருவர் இருந்தார். இன்று நாங்கள் பழைய கார்டுகளுக்குச் சொல்கிற குறியீடுகள் எல்லாம் (வாக்னர் கார்டு வந்த வரிசைக்கு 'டி206' என்பதுபோல) அவர் போட்டவை. பேஸ்பாலில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அச்சுக் காகிதத்தின் மேல்தான் ஆசை. மூட்டுவாதத்தில் கை முடங்கிக்கொண்டிருந்தபோதும், சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தானே உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. இரண்டே மாதத்தில் போய்விட்டார். வாக்னர் கார்டும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது.

கே: உங்களிடம் இல்லாத கார்டு எது? (அதே ஈரோடு பாட்டி)

ப: கிளமென்ட்டேயின் முதல் கார்டு. 1955 டாப்ஸ், எண் 164. மூலை மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை, முதுகில் பேனாக் கிறுக்கல் இருந்தாலும் பரவாயில்லை. பேரனிடம் சொல்லி வையுங்கள்.