மார்ச் மாதத்தில் பல் மருத்துவமனைகள் பெண்களைப் பாராட்டுவது ஏன்? எங்கள் பாம்பன் கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மார்ச் 8 மகளிர் தினம், மார்ச் 20 உலக வாய் நல நாள். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் சேர்த்தே கொண்டாடிவிடுகிறார்கள். 20-ஆம் தேதிக்கு ஒரு வேடிக்கைக் கணக்கும் உண்டு: பெரியவருக்குப் பல் 32, சொத்தை 0; சேர்த்து எழுதினால் 320, மாதத்தை முதலில் போட்டால் அதுதான் 3/20. அமெரிக்காவில் மார்ச் முதல் முழு வாரம் பல் மருத்துவ உதவியாளர்களுக்கே உரியது.

பாராட்டு முதலில் போய்ச் சேர வேண்டியது அந்த உதவியாளருக்குத்தான் என்பேன். நம் ஊர்களில் பெரும்பாலும் பெண்கள். பெயர்கூடக் கேட்காமல் எழுந்து வந்துவிடுகிறோம். பல் செட்டுக்கு அளவெடுக்கும்போது கவனியுங்கள். ரப்பர் கிண்ணத்தில் பொடியையும் தண்ணீரையும் சேர்த்து, ஓரத்தில் அழுத்தித் தேய்த்துக் கட்டியில்லாமல் குழைத்து, இறுகுவதற்குள் மருத்துவர் கையில் கொடுத்துவிடுகிறார். தாமதித்தால் மறுபடியும் முதலிலிருந்து குழைக்க வேண்டியதுதான்.

அந்தப் பொடியின் பெயர் ஆல்ஜினேட். பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கிப் பறிக்கும் கட்டக்கோரை அந்த இனம்தான். தொடர்பு கேட்டீர்களே, இதைவிட நெருக்கமாக வேறென்ன வேண்டும்?

வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பல் துலக்கிவிடுவது பெண்கள்தான். தங்கள் பல்லை வலி வரும்வரை பார்ப்பதில்லை. ஆகவே கேக் வெட்டுவதற்குப் பதில் இவர்களுக்கு இலவசப் பரிசோதனை முகாம் வையுங்கள். எங்கள் கரையில் மாலையில் வையுங்கள்; பாசி பறிக்கும் பெண்கள் காலையில் கடலுக்குப் போயிருப்பார்கள்.